பதினோரு நிமிஷம் கொசுறு

நாப்பத்தியொரு பாட்டுலயும் என் தம்பி கையைப் பிடிச்சு இழுத்து நேராக்கி முடிச்ச அன்னைக்கு, சாயங்காலம் நாலு பத்துக்கு, வேம்படித்துறையில கடிகாரம் எல்லாம் நின்னுச்சு. மாதா கோயில் கோபுரத்துக் கடிகாரம், மைதீன் காக்கா டீக்கடைச் சுவர்க் கடிகாரம், திருப்பத்துல நின்ன பஸ்ஸோட கண்டக்டர் கையில கட்டியிருந்தது, ஊர்ல உள்ள அத்தனை செல்போனு, எல்லாம் நாலு பத்துன்னு காட்டிட்டு அப்படியே இருந்துச்சு, சூரியன் உப்பளத்துக்கு மேல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு, ஆனா டீ கொதிச்சுது, பிள்ளைங்க ஓடுச்சு, நாய் குரைச்சுது, கடல் வந்து வந்து போச்சு, இப்படியே பதினோரு நிமிஷம் போனப்புறம் எல்லாக் கடிகாரமும் நாலு பதினொண்ணுன்னு மாறி, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓட ஆரம்பிச்சுது. மறுநாளும் அப்படித்தான். அதுக்கு மறுநாளும் அப்படித்தான். நாலாம் நாள் யாரும் அண்ணாந்துகூடப் பாக்கல.

கடிகாரமே நின்னுபோன நேரத்தைப் பதினோரு நிமிஷம்னு எப்படி அளந்தீங்கன்னு கேப்பீங்க, கேக்க வேண்டியதுதான். எங்க ஊர்ப் பொம்பளைங்க அம்பத்துமூணு மணி ஜெபமாலையை அவசரமாச் சொன்னா சரியாப் பதினோரு நிமிஷம் ஆகும், சாவகாசமாச் சொன்னா எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது, ஏன்னா எங்க ஊர்ல யாரும் சாவகாசமாச் சொல்லிக் கேட்டதில்ல. ரெண்டாம் நாளே கோயில் நடையில உக்காந்து, கடிகாரம் நின்ன உடனே ஆரம்பிச்சு, கடைசி மணி கையில இருக்கும்போது கடிகாரம் ஓடுனதைப் பாத்து, பதினோரு நிமிஷம்னு தீர்ப்புச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் தினமும் அவங்க அதைச் சொன்னாங்க.

பேரு வச்சது மீன் விக்கிற குருசம்மாக்கா. காய்க்காரி கத்திரிக்காயை நிறுத்துப் போட்டுட்டு, அதுக்கு மேல ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் ரெண்டு பச்சை மிளகாயும் கேக்காமலே போடுதாளே, அதுதான் கொசுறு. "ஆண்டவரு கொசுறு போட்டிருக்காருட்டி, வாயை மூடிட்டு மடியில வாங்கிக்கிட வேண்டியதுதான்"ன்னு அவ சொன்னா, அன்னையில இருந்து அந்த நேரத்துக்குக் கொசுறுன்னே பேராச்சு. கொசுறுல வாரேன், கொசுறு முடிஞ்சு பாப்போம், கொசுறுக்கு முன்னாடி துணியை எடுத்துரு, இப்படி.

கரண்டு மீட்டரும் ஒரு கடிகாரம்தானே, அதுவும் கொசுறுல ஓடலன்னு எவனோ ஒருத்தன் கண்டுபிடிச்சான், அவ்வளவுதான், நாலு பத்துக்கு ஊர்ல உள்ள கிரைண்டரும் மோட்டாரும் இஸ்திரிப் பெட்டியும் ஒண்ணா அலற ஆரம்பிச்சு, எட்டாம் நாள் டிரான்ஸ்பார்மர் டமார்னு போச்சு. லைன்மேன் ஜெயபாண்டி தலையில அடிச்சுக்கிட்டு வந்து சரிபண்ணி, கோயில் நோட்டீஸ் போர்டுல முறை எழுதி ஒட்டினாரு: திங்கக்கிழமை மாதா தெரு மாவாட்டலாம், செவ்வாய் பிள்ளையார் கோயில் தெரு தண்ணி ஏத்தலாம். பள்ளிக்கூடத்துல கடைசி மணி அடிக்கிறதும் நாலு பத்துக்குத்தான், அந்தப் பதினோரு நிமிஷம் எங்களுக்கா உங்களுக்கான்னு டீச்சர்மாரும் பிள்ளைங்களும் ரெண்டு வாரம் இழுபறியா நின்னு, கடைசியில பிள்ளைங்க ஜெயிச்சுது. ஒன்பது வருஷமா முகம் பாக்காத ஓரகத்திமார் ரெண்டு பேரு, கொசுறுல பேசுனா பேசுன கணக்குல சேராதுன்னு முடிவு பண்ணி, தினமும் கொல்லைச் சுவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்னு பதினோரு நிமிஷம் பேசிட்டு, நாலு பதினொண்ணுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போனாங்க. கொசுறுல ஒரு பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு, நர்சு நாலு பத்துன்னு எழுதிட்டா, ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாத்துட்டு, "நேரம் நின்ன எடத்துல பொறந்திருக்கு, பிடிச்ச பிடியை விடமாட்டா"ன்னு முடிச்சுட்டாரு. எங்க சாமி, பங்குச் சாமியைச் சொல்லுதேன், ஆண்டவர் தந்த நேரத்துல மாவாட்டுறது பாவமான்னு நாலு ஞாயிறு யோசிச்சு, பாவமில்ல, ஆனா பாவசங்கீர்த்தனத்துக்கும் வரலாம்னு சொன்னாரு. யாரும் போகல.

இத்தனை பேசினாங்களே, ஏன் நாலு பத்து, ஏன் பதினோரு நிமிஷம்னு மட்டும் யாருக்கும் தெரியல. எனக்குத் தெரியும். நான் சொல்லல.

நான் பெனடிக்டா, ஊர்ல பெனி. நீலத்திரை மெல்லிசைக் குழுவுல இருபது வருஷமா கீபோர்டு. சொந்தமா ஒரு பாட்டு கிடையாது எங்களுக்கு, சினிமாவுல வந்த பாட்டைக் கல்யாணத்துலயும் திருவிழாவுலயும் அச்சு அசலா வாசிக்கிறதுதான் பொழப்பு, அதுலயும் பழைய கிளப் டான்ஸ் பாட்டுன்னா எங்களை அடிச்சுக்க ஆள் இல்லன்னு பேரு. அந்தப் பேரு எங்க தலைவர் மாசிலாமணி அண்ணாச்சி தொண்டையால வந்தது இல்ல, அவர் இதைப் படிச்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. என் தம்பி கிளாட்வின் கையால வந்தது. அவன் தும்பா வாசிச்சான். தும்பான்னா இடுப்பு உசர மரப்பீப்பா, ஒரு வாயில தோலு, கியூபா பக்கத்துச் சரக்கு, குச்சி கிடையாது, வெறுங்கையால அடிக்கணும்.

கிளாடி எல்லாத்துலயும் லேட்டு. பத்து மாசம் முடிஞ்சு பன்னெண்டு நாள் கழிச்சுப் பொறந்தவன். சோத்துக்குக் கூப்பிட்டா "இரு, வாரேன்"பான், கோயிலுக்குக் கூப்பிட்டா "இரு, வாரேன்"பான், முப்பத்தினாலு வயசு வரைக்கும் கல்யாணத்துக்கும் அதேதான் சொன்னான். கையும் அப்படித்தான், அடி விழ வேண்டிய எடத்துக்கு ஒரு மயிரிழை பின்னாடி விழும். "ஏல கிளாடி, உனக்காகப் பாட்டு பஸ் ஸ்டாண்டுல காத்துக் கெடக்குமால?"ன்னு அண்ணாச்சி ஏசுவாரு. அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பும் ஏசி முடிச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வரும்.

ரெண்டு வருஷமா, கச்சேரி இல்லாத ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு பாட்டுன்னு நாங்க அவன் கையைப் பதிவு பண்ணி வச்சோம், பழகுறதுக்கு ஆகும்னு. அவன் உள்ரூம்ல மைக்கோட, நான் முன்ரூம்ல கம்ப்யூட்டரோட, நடுவுல வாசல்ல ஒரு பெட்ஷீட்டு. அவனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். வாசிச்சு முடிச்சதும் பெட்ஷீட்டை விலக்கி, "அக்கா, போதுமா?"ன்னு கேப்பான், மைக்கு தொறந்திருக்கிறதால அது ஹெட்போன்லயே வரும். நான் திரும்பாமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். போதும்னு அர்த்தம். நாப்பது ஞாயிறு நாப்பது தடவை இப்படித்தான்.

நாப்பத்தியொண்ணு மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை. திருவிழாவுக்கு அந்தப் பாட்டு வேணும்னு அண்ணாச்சி நெருக்கினாரு. அவன் வாசிச்சு முடிச்சான். ஹெட்போன்ல அவன் குரல் ஏதோ வந்துச்சு. நான் அதுக்குள்ள வேற ஒரு எடத்தைப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன், அவன் சொன்னதை நான் கேக்கல, வழக்கமாக் கேக்குறதுதானேன்னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டேன். பதிவு முடிஞ்ச நேரத்தைக் கம்ப்யூட்டர் தானா எழுதிக்கிடும்: நாலு பத்து. ஹெட்போனைக் கழட்டித் திரும்பினப்போ நாலு இருபத்தியொண்ணு. அவன் பெட்ஷீட்டைப் பிடிச்சமேனிக்கு வாசல்ல கெடந்தான். "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்மா"ன்னு டாக்டர் சொன்னாரு. சரிங்க டாக்டர்னேன்.

அழுகை வரல. அழுகை வரலையேன்னு வருத்தமும் வரல. அடக்கத்துக்கு வந்தவங்க என் கையைப் பிடிச்சாங்க, அது என் கைன்னு எனக்குத் தெரிஞ்சுது, அவ்வளவுதான். சித்தி ஒருத்தி என் காதுபடவே, "கல்லைத் தின்னுட்டு உக்காந்திருக்கா பாரு"ன்னா. சாப்பிடச் சொன்னாங்க, சாப்பிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு மாசிலாமணி அண்ணாச்சி வந்து, தொண்டையைச் செருமிக்கிட்டு, "பெனி, தும்பாவுக்கு வேற ஆள் கொண்டுவர எனக்கு மனசில்லம்மா. அவன் வாசிச்சதுதான் உங்கிட்ட இருக்குல்லா, அதையே டிராக்காப் போட்டு ஸ்பீக்கர்ல விடுவோம், நாம கூட வாசிப்போம்"ன்னாரு. சரி அண்ணாச்சின்னேன்.

ஒத்திகையில முதல் பாட்டுலயே இடிச்சுது. ரிதம் பேட் வாசிக்கிற சுடலை காதுல கிளிக்குன்னு மெஷின் தாளத்தைப் போட்டு, தாளம் விழுற எடத்துலயே டொக்கு டொக்குன்னு வைக்கிறவன். கிளாடி பக்கத்துல நிக்கும்போது அவன் மூஞ்சியைப் பாத்துச் சுடலை விட்டுக் குடுத்துருவான், மூஞ்சி இல்லாம கை மட்டும் வந்தா யாருக்குன்னு விட்டுக் குடுப்பான்? ரெண்டு அடியும் ஒண்ணு மேல ஒண்ணு தடுக்கி விழுந்துச்சு. "இதைக் கொஞ்சம் நேராக்கிரும்மா"ன்னாரு அண்ணாச்சி. நேராக்குறது லேசு. கம்ப்யூட்டர்ல தாளத்துக்கு ஒரு கோடு இருக்கும், அடி ஒவ்வொண்ணும் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி தள்ளி நிக்கும், மொத்தத்தையும் சேத்துப் பிடிச்சு ஒரு தட்டு தட்டினா, பள்ளிக்கூட அசெம்பிளில வாத்தியார் விசில் அடிச்ச மாதிரி எல்லாம் ஓடிவந்து கோட்டுல நின்னுக்கிடும். பிறகு கடைசி அடிக்கு அப்புறம் இருக்கிற வாலை, கேட்டுப் பாக்காமலே வெட்டிரணும், எல்லா டிராக்குலயும் வெட்டுறதுதான், இருமலும் நாற்காலிச் சத்தமும் மேடையில எதுக்கு.

மேடையில டிராக்கு விடுற பெட்டியில நம்பர் மட்டும்தான் தெரியும், அதனால ஒண்ணுல இருந்து நாப்பத்தியொண்ணு வரைக்கும் நம்பர்தான் எங்களுக்குப் பேரு, நான் நேராக்கினதை அதே நம்பர்ல, பழசு மேலேயே போட்டுச் சேமிச்சேன். பழசை ஒரு பிரதி எடுத்து வைக்கணும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரமே யாராவது மண்டையில தட்டிச் சொல்லிக் குடுக்கிறது அது. எனக்குத் தோணல. எதுவும் தோணாத நாளுங்க அது. கடைசிப் பாட்டைச் சேமிச்ச அன்னைக்குத்தான் கடிகாரம் நின்னுச்சு, நான் சுவத்தைப் பாத்தேன், நாலு பத்துன்னு இருந்துச்சு, அப்படியே இருந்துச்சு. குத்திக் காட்டுதுன்னு நெனச்சேன். காட்டட்டும்னு விட்டுட்டேன். தினமும் ஊரே மாவாட்டிக்கிட்டு இருக்கையில நான் நாற்காலியில உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

திருவிழாக் கொடியேத்தத்தன்னைக்கு ஆறரை மணிக்குக் கோயில் மைதானத்துல எங்க கச்சேரி. எல்லாம் சரியா இருந்துச்சு. சுடலையும் டிராக்கும் ஒரே ஆள் மாதிரி போச்சு, அண்ணாச்சி ஒரு எடத்துலயும் தடுமாறல, ஆனா யாரும் ஆடல. கிளப் டான்ஸ் பாட்டுக்கு எங்க ஊர்ல கைக்குழந்தையும் ஆடும், அன்னைக்கு ஊரே திருப்பலியில நிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னுட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் மரியாதையாக் கைதட்டுச்சு. முடிஞ்சு வயரைச் சுருட்டிக்கிட்டு இருந்தப்போ குருசம்மாக்கா மேடைக்குக் கீழ வந்து நின்னா. அம்பத்தெட்டு வயசு, நல்ல கனத்த உடம்பு, எங்க கச்சேரி எங்க நடந்தாலும் மொதல்ல எந்திரிச்சு ஆடுறவ அவதான்.

"ஏட்டி பெனி, உன் தம்பி கைய எங்கட்டி வச்சிருக்க?"

"அவன் கைதான்க்கா இது. அவன் வாசிச்சதுதான்."

"பொய் சொல்லாத. அவன் கை கொஞ்சம் நின்னுல்லா வரும். அந்த நிக்கிற எடத்துலதான் நான் இடுப்ப வைப்பேன். இப்ப இடுப்ப வைக்க எடமே இல்லட்டி."

மறுநாள் காலையில காலண்டர் தாளைக் கிழிச்சு அதோட பின்பக்கத்துல கணக்குப் போட்டேன். நாப்பத்தியொரு பாட்டு. பாட்டுக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் அடி. ஒவ்வொரு அடியிலயும் நான் இழுத்தது, நேராக்கும்போது கம்ப்யூட்டர் காட்டின சராசரிப்படி, ஒரு செகண்டை ஆயிரமாப் பிச்சா அதுல பதினெட்டு. பெருக்கிப் பாத்தா அறுநூத்தி அறுபது செகண்டும் சொச்சமும். பதினோரு நிமிஷம். ஓ அப்படியான்னு ஒரு சத்தம் எங்கிட்ட இருந்து வந்துச்சு. ஊரு மாவாட்டுனது, தண்ணி ஏத்துனது, சட்டைக்கு இஸ்திரி போட்டது, ஓரகத்திமார் பேசுனது எல்லாம் என் தம்பியோட தாமதத்துலதான்.

எல்லா அடியையும் மறுபடி பதினெட்டு, பதினெட்டுன்னு பின்னாடி தள்ளிப் பாத்தேன். எல்லாம் லேட்டா வந்துச்சு, அவன் வரல. ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு நிக்கணும்னு அவன் கைக்குத்தான் தெரியும். சாயங்காலம் கடிகாரம் நின்னுச்சு. என்னமோ தோணி, ஒண்ணாம் நம்பர் பாட்டைப் போட்டேன். நேரமே ஓடாத எடத்துல கோட்டுக்கு என்ன வேலை, அடியெல்லாம் கோட்டை விட்டு இறங்கி, அது அது எடத்துக்குப் போய் உக்காந்துக்கிட்டுச்சு, அவன் கை வந்துச்சு, கொஞ்சம் நின்னு நின்னு வந்துச்சு, அது ஓட ஓடவே நான் இன்னொரு பக்கம் பதிவு பண்ணிக்கிட்டேன், பாட்டு முடிஞ்சுது, நான் வெட்டிப்போட்ட வாலும் வந்துச்சு. "அக்கா, போதுமா?"

என் கட்டைவிரல் தானா எந்திரிச்சுது.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஒண்ணாம் பாட்டோட வால் இருக்குன்னா, நாப்பத்தியொண்ணோட வாலும் அங்கதான் இருக்கு. அன்னைக்கு அவன் என்ன சொன்னான்னு இருக்கு. போதுமான்னு கேட்டானா, இல்ல நெஞ்சு வலிக்குதுக்கான்னு சொன்னானா, அதுக்கா நான் கட்டைவிரலைக் காட்டினேன். இத்தனை நாளா எனக்கு வேணும்னு ஒண்ணு இல்லாம இருந்துச்சு, இப்ப இது ஒண்ணு வந்துச்சு. அதைப் போட கையும் வரல. வரிசையாப் போவோம், அது கடைசியில வரட்டும்னு வச்சேன்.

மறுநாள் ஜெபமாலைப் பொம்பளைங்களுக்குக் கடைசி மணி சொல்ல நேரம் இல்லாம போச்சு. அதுக்கு மறுநாள் ரெண்டு மணி குறைஞ்சுது. ஒரு பாட்டை நான் திருப்பி எடுத்தா, அந்தப் பாட்டுல இழுத்த பதினாறு செகண்டு கொசுறுல கொறைஞ்சுது, பின்னே எங்க இருந்து வரும். அஞ்சு நாள் நான் வாயைத் திறக்கல. ஜெபமாலையில ஆறு மணி கொறைஞ்சதும் ஊரு கொதிச்சுப்போச்சு, மாதா தெருக்காரங்க பிள்ளையார் கோயில் தெருவைச் சொல்ல, அவங்க பள்ளிக்கூடத்தைச் சொல்ல, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சாமி எல்லாரையும் கோயில் மண்டபத்துல கூட்டினாரு. பள்ளிவாசல் தெருவுல இருந்தும் வந்தாங்க, பிள்ளையார் கோயில் தெருவுல இருந்தும் வந்தாங்க.

"யாரோ கொசுறைப் பதுக்குதாங்க சாமி"ன்னாரு ஜெயபாண்டி. "யாருன்னு தெரிஞ்சா நான் அவங்க வீட்டுப் பீசைப் பிடுங்கிருவேன்."

"நான்தான்"ன்னு எந்திரிச்சேன்.

எல்லாத்தையும் சொன்னேன். சாமான் பட்டியல் படிக்கிற மாதிரிதான் சொன்னேன், எனக்கு வேற மாதிரி வரல. கோடு, தட்டு, பழசு மேல புதுசு, பதினெட்டு. பிறகு பெட்ஷீட்டு, ஹெட்போனு, கட்டைவிரலு. "அவன் விழுந்தது நாலு பத்துக்கு. நான் திரும்பினது நாலு இருபத்தியொண்ணுக்கு. நீங்க மாவாட்டுனது அதுலதான். உங்களைச் சொல்லல, அது அவன் தாமதம்னு எனக்கும் அப்பத் தெரியாது. இனி பாட்டுப் போட வேண்டாம்னு நீங்க சொன்னா நான் போடல. ஆனா அவன் கடைசியா என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும்."

மாசிலாமணி அண்ணாச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டே, "நேராக்கச் சொன்னது நான்தாம்மா"ன்னாரு. ஓரகத்திமார்ல சின்னவ, "அப்ப நாங்க பேசுறது?"ன்னு ஆரம்பிச்சா. பெரியவ அந்தப் பக்க பெஞ்சுல இருந்தே, "சும்மா இருட்டி"ன்னா. கொசுறு இல்லாத நேரத்துல ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் அவங்க பேசிக்கிட்ட முதல் பேச்சு அது, அன்னைக்கு யாரும் அதைக் கவனிக்கல.

குருசம்மாக்காதான் எந்திரிச்சா. "கொசுறுங்கிறது குடுக்கிறவ மனசு. ஏன் கொறைச்சேன்னு தராசைப் பிடிச்சுச் சண்டை போட முடியுமா? நான் மீன் விக்கிறவ, எனக்குத் தெரியும். அது அவ தம்பியோடது, எடுத்துக்கிடட்டும்."

ஜெயபாண்டி தாடையைத் தடவிக்கிட்டாரு. "எடுத்துக்கிடட்டும். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தங்கச்சி, ஒரேயடியா எடுத்துராதம்மா. இதுவரைக்கும் எடுத்த மாதிரியே ஒரு நாளைக்கு ஒரு பாட்டுன்னு எடு. ஊருக்குப் பழகணும்லா."

அப்படித்தான் எடுத்தேன். மொட்டைமாடியில ஒரு ஸ்பீக்கரைக் கட்டினாங்க, நாலு பத்துக்குப் பாட்டுப் போட்டா ஊரு முழுக்கக் கேக்கும், ஹெட்போனை நான் அப்புறம் தொடல. மாவாட்டுறதை மாதா தெரு மொதல்ல விட்டுச்சு, பிறகு மத்த தெருவு. பிள்ளைங்க மட்டும் மிச்சம் இருந்ததுல ஓடி விளையாடுச்சு, யாரும் தடுக்கல. ஒவ்வொரு பாட்டு முடிவுலயும் "அக்கா, போதுமா?"ன்னு ஊருக்கே கேக்கும், டீக்கடையில மைதீன் காக்கா "போதும் மக்கா"ம்பாரு, கொல்லையில இருந்து யாராவது "போதும்டா"ம்பாங்க. சுடலை தினமும் எங்க வாசல்ல உக்காந்து மடியில தட்டிப் பழகுனான். ஒரு நாள், "எங்க நிக்கணும்னு புரிஞ்சுபோச்சுக்கா"ன்னான். நடுவுல வந்த ஒரு கல்யாணத்துல திருப்பி எடுத்த பாட்டை மட்டும் வாசிச்சோம், ரெண்டாவது அடிக்கே குருசம்மாக்கா எந்திரிச்சுட்டா. கடைசிப் பதினாலு பாட்டுக்குக் கொசுறே பாட்டோட நீளத்துக்குப் பத்தல, நான் நடுவுல இருந்து வால் வரைக்கும் போட்டேன். அதனால அந்தப் பாட்டுல எல்லாம் முன்பாதி கோட்டுல நிக்கும், பின்பாதி கிளாடி.

நாப்பத்தியொண்ணாம் நாள் கொசுறு ஜெபமாலையில ஒண்ணரை மணி அளவுக்குத்தான் மிச்சம். ஒரு அருள்நிறை மரியே சொல்லிட்டு இன்னொண்ணுல பாதி. ஜெபமாலைப் பொம்பளைங்க அன்னைக்கு மாலையை எடுக்காமலே வந்தாங்க. எங்க வீட்டு முன்னாடி தெரு நெறைய ஆளு, குருசம்மாக்கா கூடையை வாசல்ல இறக்கி வச்சுட்டு உள்ள வந்து சுவத்தோரமா நின்னா. "நான் நிக்கவாட்டி, போகவா?"ன்னா. நில்லுங்கக்கான்னேன். எப்பவும் போல உள்ரூமுக்கு முதுகைக் காட்டி உக்காந்தேன். அவன் வலிக்குதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன ஆவேன்னு யோசிச்சுப் பாத்தேன், யோசனை ஓடல. கடிகாரம் நாலு பத்துக்கு வந்துச்சு, நின்னுச்சு. தட்டினேன்.

நாலஞ்சு அடி வந்துச்சு, கடைசி அடி வந்துச்சு, அதுவும் கொஞ்சம் நின்னுதான். பிறகு பெட்ஷீட்டு விலகுற சத்தம். பிறகு மூச்சு. நல்லா மூச்சு வாங்குச்சு.

"அக்கா, போதுமா? இன்னொரு தடவை... வேணா... வாசிக்கட்டுமா?"

வலிக்குதுன்னு சொல்லல. என்னைக் காப்பாத்துன்னு கேக்கல. இன்னொரு தடவை வாசிக்கட்டுமான்னு கேட்டிருக்கான், வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்திருக்கு, அவன்கிட்ட எல்லாமே நின்னுதானே வரும், காதால கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

என் கட்டைவிரல் எந்திரிச்சுது. மத்தக் கையால அதைப் பிடிச்சு மடக்கினேன். வலிச்சுது, நல்லாவே வலிச்சுது. நாற்காலியோட திரும்பினேன். வாசல்ல பெட்ஷீட்டு தொங்குச்சு, அதுக்கு அந்தப் பக்கம் தும்பா, அது மேல அவன் துண்டு.

"போதும்டா"ன்னேன். "வெளிய வா. வந்து தண்ணி குடி."

நாலு பதினொண்ணு ஆச்சு.